வி, ஐ, எல், ஏ, ஐ

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு நேரே
இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம்.
சன்னலை உரசுவதுபோல் பஸ்கள் போகும்.
பலகையைப் படித்துக்கொண்டே நிரல் எழுதலாம்:
கல்லுவிளை, புளியன்விளை, தெங்கன்விளை.
விளை என்றால் மேட்டு நிலம், மரம் நிற்கும்.
ஏலா என்றால் வயல், கால் நனையும்.
பொற்றை என்றால் மூச்சு வாங்கும்.
துறை என்றால் இறங்கும்போதே மீன் வாடை.
ஊர்ப்பெயரின் கடைசி அசையைக் கேட்டாலே
எந்தச் செருப்பைப் போடுவதென்று தெரிந்துவிடும்.

ரப்பர் சங்கத்துக்குக் கணக்கு மென்பொருள்.
முதலில் எழுதியவர் சங்கரன்கோவில்காரர், பூலித்துரை.
எடை பெருக்கல் விலை என்று
ஒரு கோப்பில் ஒழுங்காகத்தான் எழுதினார்.
அவர் ஓசூருக்குப் போனபின் நான் வந்தேன்.
யார் ரப்பர், எந்த விளை, என்ன எண் என்று
இன்னொரு கோப்பு.

ஆங்கிலத்தில் தட்டும்போது
லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே கட்டைதான்.
அவருடைய விலையும் என்னுடைய விளையும்
வி, ஐ, எல், ஏ, ஐ.

நவம்பரில் இரண்டு கோப்பையும் சேர்த்தோம்.
என் விளை எண்
அவர் விலையின்மேல் போய் உட்கார்ந்தது.
இயந்திரம் சிவப்புக் கோடு காட்டவில்லை.
எண்ணுக்கு எண்,
அதற்கென்ன குறை.

சோதித்துப் பார்க்காமல் இல்லை.
தேவசகாயம் சாரின் கணக்கை எடுத்துப் பார்த்தோம்.
அவர் விளை எண் நூற்று எண்பத்தாறு.
அன்றைய ஷீட் விலை நூற்று எண்பத்தைந்து.
ஒரு ரூபாய்தானே, மார்க்கெட் ஏறியிருக்கும்
என்றாள் ஷெர்லின்.
பொத்தானை அழுத்தியது நான்.

சனிக்கிழமை கடையாலுமூட்டிலிருந்து ரெத்தினபாய் வந்தார்.
மூன்றாம் எண் விளை.
முப்பத்தெட்டு கிலோ ஷீட்டுக்கு
நூற்றுப் பதினாலு ரூபாய்.
ரசீதை என் மேசையில் விரித்து வைத்து
"இது ஷீட்டுக்கு வெலையாக்குமா மக்ளே,
பஸ்ஸுக்குக் கூலியாக்குமா?" என்றார்.
சத்தம் போடவில்லை.
போட்டிருக்கலாம்.

தொள்ளாயிரத்து நாற்பதாம் எண்காரர் மட்டும்
இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை.
போனும் எடுப்பதில்லை.

அன்று இரவு மழை. உட்கார்ந்து தேடினோம்.
அந்த ஐந்தெழுத்து இருநூற்றுப் பதினொரு இடத்தில்.
ஒவ்வொன்றின் முன்னும் நின்று
நீ விலையா, விளையா என்று கேட்க வேண்டியிருந்தது.
சிலது அக்கம்பக்கத்து வரியைக் காட்டித் தப்பித்தது.
சிலதுக்குப் பூலித்துரையையே கூப்பிட்டோம்;
அவருக்கும் நினைவில்லை.
'தற்காலிகம்' என்று ஒன்றுக்குப் பெயர் வைத்திருந்தார்,
ஆறு வருடமாய்ச் சங்கத்தின் பட்டுவாடா முழுக்க
அதன் தலையில்தான்.
பிறகு 'புதியது'. 'புதியது இரண்டு'.
'கடைசி'. அதற்குப் பின் 'கடைசிக்கடைசி'.
சிரித்தேன். அந்தக் கடைசிக்கடைசி
நான் வைத்தது என்று ஷெர்லின் காட்டினாள்.

இனி எல்லாம் ஆங்கிலத்தில் என்றாள்.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு என்றாள்.
வேண்டாம், நடுவில் ஒரு பெரிய எழுத்து போதும்,
ஒட்டகத் திமில் மாதிரி, என்றேன்.
இந்த மழையில் ஒட்டகமா?
அடிக்கோடு வென்றது.

விலையை ரேட் ஆக்கினோம்,
சங்கத்தில் எல்லோர் வாயிலும் அதுதான்.
விளைக்கு வந்தபோது எனக்குக் கை ஓடவில்லை.
விதி போட்டு ஒரு மணிநேரம் ஆகவில்லையே என்றாள்.
கோப்பின் தலைப்பில் ஒரு குறிப்பு எழுதினேன்:
விளை என்றால் நிலம்.
எங்கு வந்தாலும் நிலம்.
சந்தேகம் இருந்தால் சன்னலுக்கு வெளியே பார்க்கவும்.

ரெத்தினபாய்க்குச் சேரவேண்டிய மீதி
ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறை
திங்கட்கிழமை அனுப்பினோம்.
செவ்வாய்க்கிழமை வங்கி திருப்பி அனுப்பியது,
பெயர் பொருந்தவில்லை.
பாஸ்புக்கில் ரத்னாபாய்.
ஆதாரில் ரெத்தினம்மாள்.
எங்கள் கணக்கில் ரெத்தினபாய்.
கீழே ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார்.
சன்னலிலிருந்து மூன்றையும் கூப்பிட்டேன்.
முதல் பெயருக்கே
திரும்பிப் பார்த்தார்.